திரும்பி வந்தவன் கதை

நம் கதைகளில் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர் ஒருவர் தென்பட்டால் அவரை அடையாளம் கண்டுகொள்வதில் வாசகருக்குச் சிரமமே இருப்பதில்லை. மீசை முறுக்கியிருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தெருவையே எழுப்பிவிடுவார். பெற்ற பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து அதட்டுவார். சாயங்காலமானால் மிலிட்டரி காண்டீன் ரம்மைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லைப்புறத்தில் எதிரியைச் சுட்ட கதையைச் சொல்வார். சினிமாவாக இருந்தால் ஒரு சிரிப்பு நடிகர் அந்தக் கதையைக் கேட்க மாட்டிக்கொண்டு விழிப்பார். இது ஒரு உருவம். மற்றொன்று, காலையோ கையையோ இழந்து, மெடல்களைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்து, கடைசி அத்தியாயத்தில் கொடியைப் பார்த்து ஸல்யூட் அடித்தபடியே உயிரை விடும் தியாகி. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மனுஷன் ஒருவன் இருக்கவேண்டும். அவனைத்தான் காணோம்.

குற்றம் சாட்டுகிறவன் தன் கையையும் விரித்துக் காட்டிவிட வேண்டும். பல வருஷங்களுக்கு முன் நானும் அப்படி ஒரு மீசைக்காரரை ஒரு சிறுகதையில் நடமாட விட்டேன். படித்துச் சிரித்ததாக நாலு பேர் கடிதமும் எழுதினார்கள். பிற்பாடு ஒரு நாள், நான் பணம் எடுக்கப் போகும் பாங்கின் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ஹவில்தார் ஒருவர் அந்தக் கதையை எப்படியோ படித்துவிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க ஆளுங்களைக் கதையிலே எப்பவும் சாயங்காலத்திலேதான் காட்டறீங்க, சார். காலையிலே எழுந்து எங்கே வேலைக்குப் போறான்னு ஒருத்தரும் எழுத மாட்டேங்கறீங்களே!" என்றார். பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது, அவர் இருபத்து நாலு வருஷம் ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர் என்று. லடாக்கில் லாரித் தொட்டிக்குள்ளேயே டீஸல் உறைந்துபோகும் குளிரில், கீழே நெருப்பு மூட்டி வண்டிகளை ஓட வைத்தவர். "அங்கே இருந்த வரைக்கும் கையிலே ஸ்பானர்தான் சார். ரிட்டயரான அப்புறம்தான் துப்பாக்கி கொடுத்திருக்காங்க," என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கேட்டது ஓர் இலக்கிய விமர்சனக் கேள்வி என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பட்டது. போரைப் பற்றிய இலக்கியத்துக்கு உலகத்தில் குறைவில்லை. போரிலிருந்து வந்தவன் மறுநாள் காலையில் என்ன செய்தான் என்பதைப் பற்றிய இலக்கியம் மிகக் குறைவு. காரணம் புரியாததல்ல. போவது ஒரு சம்பவம். சண்டை ஒரு சம்பவம். சாவது பெரிய சம்பவம். திரும்பி வந்து வேலை தேடுவது சம்பவமே இல்லை. அது வெறும் நாட்கள். நாட்களை வைத்துக் கதை சொல்வது கஷ்டம்.

நம்முடைய பழைய மரபிலேகூட இப்படித்தான். போரில் விழுந்தவனுக்கு நடுகல் உண்டு. அதற்கு மாலை உண்டு, படையல் உண்டு. உயிரோடு வருகிறவனுக்கு முல்லைத் திணை இருக்கிறது. வினை முடித்தவன் பாகனை விரைந்து ஓட்டச் சொல்கிறான், மழைக்காலம் வந்துவிட்டது, வாசலில் அவள் காத்திருக்கிறாள். எத்தனை அழகான கவிதைகள்! ஆனால் தேர் வாசலில் வந்து நின்றதும் பாட்டு முடிந்துவிடுகிறது. இறங்கி உள்ளே போனவன் அடுத்த மாதம் எப்படி இருந்தான் என்று நாம் கேட்பதில்லை. அப்படிக் கேட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேரை இங்கே பார்க்கலாம். இரண்டு பேர் அயல்நாட்டார். மூன்றாமவர் நம்மவர், அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலாமவர் பிரெஞ்சு நாவலாசிரியர் பால்ஸாக். 1832-இல் அவர் எழுதிய 'கர்னல் ஷாபேர்' என்ற குறுநாவலில், நெப்போலியனின் படையில் புகழ்பெற்ற கர்னல் ஒருவர் 1807-இல் நடந்த ஐலோ யுத்தத்தில் இறந்துவிட்டதாக அறிவிக்கப்படுகிறார். உண்மையில் பிணக்குவியலுக்குள் உயிரோடு கிடந்து, வழி தோண்டிக்கொண்டு வெளியே வந்து, வருஷக்கணக்கில் அலைந்து பாரிஸ் திரும்புகிறார். மனைவி வேறு ஒரு பிரபுவை மணந்து இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகியிருக்கிறாள். சொத்து அவள் கையில். அரசாங்கமும் மாறிவிட்டது. இறந்தவர் என்ற முறையில் கர்னலுக்கு மரியாதை உண்டு; உயிரோடு இருப்பவர் என்ற முறையில் அவர் எல்லோருக்கும் தொந்தரவு. தெர்வில் என்ற வக்கீல் ஒருவர்தான் அவரை நம்புகிறார். இருந்தும் என்ன? மனைவியின் சூழ்ச்சியைக் கண்டு மனம் கசந்து, தம் பெயரையே வேண்டாமென்று உதறிவிட்டு, கடைசியில் முதியோர் விடுதி ஒன்றில் வெறும் எண்ணாக இருந்து கழிகிறார்.

இந்தக் கதையின் பலம், இரக்கத்தைவிட அதிலுள்ள கணக்கில் இருக்கிறது. பத்திரம், ஜீவனாம்சம், வாரிசு உரிமை என்று ஒவ்வொன்றாகப் பால்ஸாக் எடுத்து வைக்கிறார். ஒரு மனுஷனுக்குத் திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தாலொழிய உலகம் அவனுக்காக நகர்ந்து கொடுக்காது. சுலபமாகச் சொல்லக்கூடிய உண்மைதான். ஆனால் அதை ஆவேசப்படாமல், வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவின் நிதானத்தோடு சொன்னதனால்தான் கதை இன்றும் சுடுகிறது.

இரண்டாமவர் எழுத்தாளர் அல்ல. சினிமா டைரக்டர் வில்லியம் வைலர். 1946-இல் அவர் எடுத்த 'த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தில் மூன்று பேர் ஒரே விமானத்தில் ஒரே ஊருக்குத் திரும்புகிறார்கள். ஒருவன் கப்பற்படை வாலிபன். இரண்டு கைகளையும் இழந்து கொக்கிகள் மாட்டியிருக்கிறான். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஹரால்ட் ரஸல் நடிகரே அல்ல; ராணுவப் பயிற்சியில் 1944-இல் வெடிவிபத்தில் உண்மையாகவே இரு கைகளையும் இழந்தவர். இன்னொருவன் விமானப் படையில் காப்டன். குண்டு வீசுவதில் கெட்டிக்காரன். ஊரில் அவனுக்குத் தெரிந்த பழைய தொழில் மருந்துக் கடையில் சோடா கலக்கிக் கொடுப்பது. மூன்றாமவர் பாங்கு உத்தியோகஸ்தர். படையில் சார்ஜண்டாக இருந்தவர்.

கைகளை இழந்தவனுக்காகத்தான் ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். என் மனத்தில் தங்கியிருப்பவர்கள் மற்ற இருவரும்தான். காப்டன் வேறு வழியில்லாமல் பழைய கடைக்கே போகிறான். போரையே வீண் என்று பேசிய ஒரு வாடிக்கைக்காரனை அடித்துவிட்டு அந்த வேலையையும் இழக்கிறான். பாங்கு உத்தியோகஸ்தரிடம் ஒரு முன்னாள் சிப்பாய் வந்து நிலம் வாங்கக் கடன் கேட்கிறான். ஈடு வைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. இவர் கொடுத்துவிடுகிறார், மேலதிகாரி முகத்தைச் சுளிக்கிறார். பிறகு ஒரு விருந்தில், குடித்துவிட்டு இவர் செய்யும் பிரசங்கம் இருக்கிறதே, அதுதான் படத்தின் உச்சம். குன்றைப் பிடி என்று உத்தரவு வந்தால், ஈடு எங்கே என்றா கேட்பது என்ற தோரணையில் போகிறது அது. போரில் உயிரையே ஈடாக வைத்தவனிடம் ஊர் மறுபடியும் ஈடு கேட்கிறது. 1944-லேயே அமெரிக்க அரசாங்கம் சட்டம் போட்டு, திரும்பி வருகிறவர்களுக்குப் படிப்பு, வீட்டுக் கடன், வேலை கிடைக்கும் வரை வாராந்தர உதவி என்று ஏற்பாடு செய்திருந்தது. அப்படிப்பட்ட நாட்டிலேயே இந்தப் படம் தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

படத்தின் முடிவில் ஆளுக்கு ஒரு பெண் துணை கிடைத்துவிடுகிறாள். அது ஹாலிவுட் செய்த சமாதானம். ஆனால் காப்டனுக்குக் கிடைக்கும் வேலை மட்டும் பொய்யில்லை. போருக்குப் பிறகு வேண்டாமென்று நிறுத்தி வைத்த குண்டு விமானங்களைப் பிரித்து, அந்தத் தகட்டில் வீடு கட்டும் சாமான்கள் செய்யும் வேலை அது. அவனும் அந்த விமானங்களும் ஒரே ஜாதி.

இனி நம்மவர். ப. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். இளவயதிலேயே சுமத்ராவில் மேடான் நகரத்துக்குப் போய்க் கடைகளில் வேலை பார்த்தவர். போர் முடிந்த பின் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். இரண்டே நாவல்கள் எழுதினார். 1972-இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'யைப் பற்றி இன்று பேசாதவர் இல்லை. அதற்கு முன்பே, கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959-இல் புத்தகமான 'கடலுக்கு அப்பால்' இருக்கிறது. பெரிய நாவலுக்கு ஒத்திகை என்று சொல்லி அதை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கதை பினாங்கில் நடக்கிறது. வட்டிக்கடை முதலாளி வானாயீனா என்கிற வயிரமுத்துப் பிள்ளை. அவரிடம் வேலை பார்த்த செல்லையா, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிடுகிறான். மலேயாவில் அப்போது தோட்டத் தொழிலாளிகளும் கடைப் பையன்களுமாக எத்தனையோ தமிழர்கள் அப்படிச் சேர்ந்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைகிறது. படை கலைகிறது. செல்லையா திரும்பி வந்து பழையபடி கடையில் உட்காருகிறான். முதலாளியின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள். போருக்குப் போகாமல் இருந்திருந்தால் தடை இருந்திராது. இப்போது முதலாளி மனம் மாறிவிடுகிறார். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் வட்டித் தொழிலுக்கு உதவமாட்டான் என்பது அவர் தீர்ப்பு. மரகதம் அவனுக்குக் கிடைப்பதில்லை. கதை அவ்வளவுதான்.

இதே கதையை வேறு யாராவது எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலாளி பணப்பேயாக ஆகியிருப்பார். செல்லையா மேஜையைத் தட்டி தேசபக்திப் பிரசங்கம் செய்திருப்பான். சிங்காரம் இரண்டையும் செய்யவில்லை. வானாயீனா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நமக்கே தோன்றும்படி எழுதுகிறார். இதுதான் நாவலின் தைரியம்.

அந்தத் தொழிலை நினைத்துப் பாருங்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி ஒருவன் மேலே வருவதற்கு வருஷங்கள் ஆகும். கிட்டங்கியில் பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, வருகிறவன் முகத்தைப் பார்த்து எடை போட வேண்டும். கொடுத்த பணத்துக்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். யாரையும் விரோதித்துக்கொள்ளக் கூடாது. ஒரு டாலர் நஷ்டத்துக்குத் தூக்கம் கெட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், பயம்தான் அங்கே மூலதனம். பட்டாளம் எதைச் சொல்லிக் கொடுக்கிறது? பயத்தை விடு என்று. உயிரையே பொருட்படுத்தாதவன் முக்கால் வட்டியையும் முழு வட்டியையும் எப்படிப் பொருட்படுத்துவான்? முதலாளி அவனை அவமதிக்கவில்லை. அவனைச் சரியாகவே அளந்துவிட்டார். செல்லையாவுக்கும் உள்ளூர அது தெரியும். இந்தத் தோல்விக்கு வில்லன் கிடையாது. அவன் எந்தக் குணத்தினால் உயர்ந்தானோ அதே குணம் அவனைப் பெட்டியடிக்கு உதவாதவனாக்கிவிட்டது.

பால்ஸாக்கின் கர்னல் தம் இடத்தை மற்றவர் பிடித்துக்கொண்டதால் அழிந்தார். வைலரின் காப்டனுக்கு அவனுடைய பழைய இடம் சிறிதாகிப் போயிற்று. செல்லையாவின் இடம் காலியாகவே இருக்கிறது, அளவும் மாறவில்லை. மாறியது ஆள். மூன்றிலும் இதுவே நுட்பமானது என்பது என் அபிப்பிராயம்.

குறைகளும் உண்டு. செல்லையாவின் நண்பன் மாணிக்கம் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. அவன் அறிவாளிதான், ஆனால் ஆசிரியரே அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நம்மிடம் பேசுவது தெரிகிறது. மரகதம் பாதி வரைந்த சித்திரம். அப்பா முடிவு செய்கிறார், பையன் தாங்கிக்கொள்கிறான். அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க நாவலுக்கு நேரமில்லை. போருக்குப் போனவன் வாழ்க்கை மாறுவதைப் போலவே அவனுக்காகக் காத்திருந்தவள் வாழ்க்கையும் மாறுகிறது. முல்லைத் திணை பாடிய மொழியில் இந்தக் குறை கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

பிறகு ஏன் 'புயலிலே ஒரு தோணி'யைக் கொண்டாடுகிறவர்கள் இதை மறந்தார்கள்? அது பெரிய நாவல், சந்தேகமில்லை. ஆனால் அதன் நாயகன் பாண்டியன், ஐ.என்.ஏ. கலைந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. இந்தோனேசிய விடுதலைப் போரில் கொரில்லாவாகிவிடுகிறான். பெட்டிக்கு முன்னால் வந்து உட்காரும் வாழ்வுக்கு அவன் திரும்புவதே இல்லை. வாசகர்களாகிய நமக்கு அது சௌகரியமாக இருக்கிறது. திரும்பாதவனை நாம் நேசிக்கலாம். அவனுக்கு வேலை கொடுக்க வேண்டியதில்லை, பெண் கொடுக்க வேண்டியதில்லை. செல்லையா திரும்பி வந்துவிடுகிறான். அவன் வந்து நின்றால் நாம் வானாயீனாவாக ஆகிவிடுகிறோம். அந்த நாவலைப் படிக்கும்போது உண்டாகும் சங்கடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

செல்லையாக்களின் பிற்காலத்தைச் சரித்திரமும் அவசரப்பட்டுக் கவனிக்கவில்லை. 1947-க்குப் பிறகும் ஐ.என்.ஏ.காரர்களை இந்திய ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான பென்ஷன் திட்டம் 1972-இல் வந்தபோதுதான் அவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. அதற்குள் கால் நூற்றாண்டு காலை வேளைகள் கழிந்துவிட்டன. அந்தக் காலைகளில் அவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள்? நமக்கு நாவல்கள் இல்லை.

பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. ராணுவத்தில் சாதாரணச் சிப்பாய் பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தால் நாற்பதைத் தொடுமுன்பே வெளியே வந்துவிடுகிறான். பென்ஷன் உண்டு, அரசாங்க வேலைகளில் ஒதுக்கீடும் உண்டு. ஆனாலும் இரண்டாவது வாழ்க்கை ஒன்று பாக்கியிருக்கிறது, முதலாவதைவிட நீளமாக. 2022-இல் கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தில் சேருகிறவர்களுக்கு நாலே வருஷம்தான் சேவை. அவர்களில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக இருக்கலாம். மற்றவர்கள் கையில் ஒரு தொகையோடு, பென்ஷன் இல்லாமல் வெளியே வருவார்கள். திட்டம் நல்லதா கெட்டதா என்று சொல்ல இது இடமில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒருவன் 'முன்னாள்' என்ற பட்டத்தோடு வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவான் என்பது மட்டும் நிச்சயம். மீசைக்காரரை வைத்து அவன் கதையை எழுத முடியாது.

ஹவில்தாரிடம் 'கடலுக்கு அப்பால்' புத்தகத்தைக் கொடுத்தேன். ஒரு மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். முதலாளியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "அந்த முதலாளி இவனைப் பத்தி எவ்வளவு யோசிக்கிறாரு பார்த்தீங்களா, சார்! என்னைப் பத்தி எந்த ஒர்க்ஷாப்காரரும் அஞ்சு நிமிஷம் யோசிக்கலை. வயசைக் கேட்டாரு, காவலுக்கு ஆள் வேணும்னாரு. அவ்வளவுதான்."

இத்தனை பக்கம் நான் எழுதியும் என் கண்ணில் படாத விஷயம் இது. மறுப்பதற்காகவாவது செல்லையாவை ஒருவர் முழு மனுஷனாக எடை போட்டுப் பார்த்தார். சிங்காரமும் அதைத்தான் செய்திருக்கிறார். என் மீசைக்காரருக்கு நான் அதைச் செய்யவில்லை. அந்தக் கதையை என் தொகுதியிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் வைப்பதற்கு, காலையில் தொடங்கும் கதை ஒன்றை எழுதப் பார்க்கிறேன். எனக்கு வராவிட்டால் வேறு யாராவது எழுதட்டும்; அவர்கள் முதலில் ஏதாவது ஒரு பாங்கு வாசலில் அஞ்சு நிமிஷம் நின்று பேசிவிட்டு வரட்டும்.